மறுசோறு

கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துப் போட்ட சகாயம்மாளுக்கு நல்ல கனத்த உடம்பு. சோற்று அண்டாவைத் துணைக்கு ஆள் கூப்பிடாமல் இறக்குவாள். அந்த உடம்பைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. எழுபதுகளில், கூலியைக் கூட்டிக் கேட்டதற்காகப் பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பை முடித்த வருஷம், மூன்று மாதம் வயல் நண்டும் கஞ்சித் தண்ணியுமாகக் கிடந்தவள். அப்போது குச்சியாகத்தான் இருந்தாள். அதை அழகு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தலைவர் துரைராசு ஒரு சத்துபானக் கம்பெனியைப் பிடித்து வந்தார். பள்ளிக்கூடம் முழுக்க இலவசமாக வெள்ளையடித்துத் தருவார்கள். பதிலுக்குச் சமையல்கட்டின் வெளிச்சுவரில் விளம்பரம். புஜத்தை மடக்கிக் காட்டும் ஒரு பையன். அவனிடம் டம்ளரை நீட்டும் ஒரு பெண், ஒரு பிடிக்குள் அடங்குகிற இடுப்போடு. கீழே கொட்டை எழுத்தில்: ‘அவனுக்குப் பலம்! அவளுக்கு அழகு!’

ஒரே டப்பாவில் இருக்கிற மாவு ஆளுக்கொரு வேலை செய்யுமா என்று சகாயம்மாள் கேட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு வரிசை நிற்பது அந்தச் சுவருக்கு முன்னால்தான். ஒரே மாதத்தில் பெரிய வகுப்புப் பெண்கள் மறுசோறு கேட்பதை நிறுத்தினார்கள். பையன்கள் மூன்றாம் தடவையும் வந்தார்கள். எட்டாம் வகுப்பு லத்தீஃபா காலையில் வெறும் நீராகாரத்தோடு இரண்டு மைல் நடந்து வருகிற பிள்ளை. அவள் ஒருநாள் பிரார்த்தனை வரிசையிலேயே மயங்கி விழுந்தாள்.

அன்று மதியம் சகாயம்மாள், “இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கடி” என்றாள்.

“போதும் ஆயாம்மா. இடுப்பு பெருத்துடும்.”

சகாயம்மாள் கரண்டியை அண்டாவுக்குள் போட்டாள். இடுப்பாம். அந்தப் பிள்ளைக்குப் பாவாடை நிற்கவே ஊக்கு குத்த வேண்டியிருந்தது. நேரே துரைராசுவிடம் போனாள்.

“சும்மா வெள்ளையடிச்சுக் குடுத்தவங்க படத்தை எப்படிம்மா அழிக்கிறது?” என்றார் அவர்.

மறுநாள் காலையில் இரண்டு கூடை சாணியோடு வந்தாள். படத்துப் பெண்ணின் கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் வரிசையாக வரட்டி தட்டினாள். பையனைத் தொடவில்லை, அவன் தின்னத்தானே சொல்கிறான். அடுப்புக்கு வரட்டி வேண்டும், வெயில் விழுகிற சுவர் இது ஒன்றுதான் என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நாலைந்து பேர் மறுசோற்றுக்கு வந்தார்கள். லத்தீஃபா மட்டும் ஒரு வாரம் தயங்கினாள். எட்டாம் நாள் தட்டை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து, கம்பெனிக்காரன் கொடுத்த புகாரோடு ஓர் அதிகாரி வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். சகாயம்மாளை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த உடம்பை வச்சிருக்கிறவங்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தாப் பொறுக்காதுதான்” என்றார்.

பையன்கள் சிரித்தார்கள். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லத்தீஃபா, நீட்டிய தட்டை மெல்ல இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

கூலிச் சண்டையில்கூட அழாத சகாயம்மாள், கரண்டி நிறையச் சோற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்கு முன்னால் அழுதாள்.