ஹெல்சிங்கி மேடு

லிஸ்பனின் கிராசா மேட்டில் முப்பது வருஷமாகச் சமையல் கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டியவர் அபீலியோ. உலகத்தில் இரண்டே வகைச் சாலைதான் உண்டு என்பது அவர் கண்ட ஞானம்: ஏற்றம், இறக்கம். சமதளம் என்பது பணக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளி.

அவருடைய ஒரே மகள் லியோனில்டாவுக்கு ஹெல்சிங்கியில் கல்யாணம். "அப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலன்னா நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு, விமான டிக்கெட்டையும் அனுப்பிவிட்டாள்.

டிக்கெட்டை எடுத்துக்கொண்டு செஃபெரினோவின் காபிக் கடைக்குப் போனார் அபீலியோ. போகும்போது காலை பத்துக்குக் கிளம்பி மாலை ஐந்துக்கு இறங்குகிறது. திரும்பும்போது மாலை ஐந்துக்குக் கிளம்பி இரவு எட்டுக்கே வந்து நிற்கிறது.

"போக ஏழு மணி நேரம், வர மூணு. ஏன் சொல்லு பார்ப்போம்?"

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார் செஃபெரினோ.

"மேப்ல ஹெல்சிங்கி எங்க இருக்கு? உச்சில. நாம? அடில. மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஒரே ஏத்தம்டா!"

கடையே தலையாட்டியது. எல்லோரும் அதே மேட்டில் மூட்டு தேய்ந்தவர்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அபீலியோவுக்கு வியர்த்தது. "ஏறிடுவேன் ஒட்டீலியா. மூணு மணி நேரத்துல உருண்டு வர்றது என்னால முடியாது. நான் வரல."

"ஏய்யா, போக அஞ்சு, வர அஞ்சு. அங்க கடிகாரம் ரெண்டு மணி முன்னால ஓடுது, அவ்வளவுதான்" என்றாள் மனைவி.

"நேரம் மாறுறது நம்ம அசோர்ஸ் தீவுல மட்டும்தான். அங்க ஒரு மணி கம்மின்னு ரேடியோவுல தினம் சொல்றான். ஹெல்சிங்கிக்கு எவனாவது சொன்னானா?"

ஒட்டீலியா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். அங்கே மகள் சர்ச் வாசலிலேயே நிற்பாள். இங்கே இவருக்குப் பூகோளம் புரிந்து முடிக்க இன்னொரு ஜென்மம் வேண்டும்.

"சரி, இறக்கத்துல நீ என்ன பண்ணுவ?"

"ரெண்டாவது கியர்ல விடுவேன்."

"விமானத்துலயும் கேட்டா விடுவாங்க. நான் சொல்றேன்."

அபீலியோ போனார். மகளின் கையைப் பிடித்து நடந்தார். அழவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். கல்யாணத்துக்கு நேரம் தப்பக் கூடாதென்று அவர் கைக்கடிகாரத்தை லியோனில்டாவே அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தாள்.

திரும்பும் நாளில் ஒட்டீலியா விமானப் பணிப்பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் குனிந்து, சிரிக்காமல், "கேப்டன்கிட்ட சொல்லிட்டோம் ஐயா. ரெண்டாவது கியர்தான்" என்றாள். அபீலியோ பெல்ட்டை இறுக்கிக்கொண்டு தூங்கிப்போனார்.

லிஸ்பனில் இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து.

மறுநாள் கடையில் அவர் குரல் தெருமுனை வரை கேட்டது. "மூணு மணி நேரத்துல விழ வேண்டிய வண்டிடா! நான் ஒரு வார்த்தை சொன்னேன், அஞ்சு மணி நேரம் எடுத்து மெதுவா இறக்கினான்."

"ஆனா ஏர்போர்ட் கடிகாரத்துல எட்டுதானே அண்ணே இருந்திருக்கும்?" என்றார் செஃபெரினோ.

"ஏண்டா, நம்ம ஊர்ல அரசாங்கக் கடிகாரம் என்னைக்கு ஒழுங்கா ஓடிச்சு?"

கடையே மறுபடி தலையாட்டியது. கூட வந்திருந்த ஒட்டீலியா தன் காபியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். அடுத்து பேரன் பிறப்பான். மறுபடி ஏற வேண்டியிருக்கும்.