அந்த ‘சும்மா’வை அழியுங்கள்

சவரிமுத்து அண்ணன் இன்று காலை போய்விட்டார். உத்திரமேரூரில் எங்கள் பழைய தெருக்காரர்.

செய்தியைவிட, பஸ் ஸ்டாண்டில் கட்டிய பேனரின் போட்டோவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘எங்கள் சும்மா சொல்தா தாத்தா’ என்று கொட்டை எழுத்தில்...

செத்த பிறகுமா?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பாண்டிச்சேரியில் அது மரியாதையான வார்த்தை.

ஐம்பதுகளில் அல்ஜீரியாவில், விமானத்திலிருந்து குதிக்கும் பீரங்கி ரெஜிமென்ட்டில் இருந்த பாண்டிச்சேரிக்காரர் அண்ணன். முந்தைய காலத்தில் குதிரைகள் பீரங்கி இழுத்த படையாம் அது. முன்னால் போகிற ஆட்களுக்குப் பின்னாலிருந்து குண்டு போட்டுத் துணை நிற்பது வேலை. பீரங்கியைப் பிரித்துப் பாராசூட்டில் இறக்குவார்கள், கீழே போய் மாட்ட வேண்டும்.

கல்யாணமாகி நம் ஊருக்கு வந்தவர், “நான் சொல்தா” என்றார். டீக்கடையில் ஒருவர், “பீரங்கி கொட புட்ச்சிக்கினு எறங்கிச்சாம்பா. சும்மா சொல்து இது” என்றாராம். ‘சும்மா சொல்லுது, புளுகு’ என்பதும் ‘சொல்தா’வும் கலந்து அன்று ஒட்டிய பெயர்.

நானும் சிரித்தேன். மறைக்கவில்லை.

அறுபதுகளில் ஒரு கோடை. எங்கள் நெல் காய்கிறது. தண்ணீர் இறைக்க வாங்கிய புது ஆயில் இன்ஜின் ரோட்டோரம் கிடக்கிறது. கிணற்றுக்கு வரப்புதான் வழி, இரண்டு பக்கமும் அடுத்தவர் கதிர். வண்டி போகாது.

அண்ணன் ஸ்பேனரோடு வந்தார். கழற்றக் கழற்ற ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் நம்பர் போட்டார்.

“தங்கச்சி, உன் கணக்கு நோட்டுல எய்துமா. ஒன்னு வுட்டாலும் அங்க போய் பேஜாரு.”

நாற்பத்தொரு பாகம். தலைச்சுமையாக வரப்பில் போனது. சாயங்காலம் இன்ஜின் ஓடியது.

“பீரங்கியும் இப்டித்தாம்மா” என்றார். அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார், “இன்ஜின் சரி. பீரங்கி சும்மா சொல்து.”

அண்ணன் காதில் விழுந்தது. அதன் பிறகு எங்கள் வாசலில் அவர் பட்டாளப் பேச்சே எடுத்ததில்லை... கடைசி வரைக்கும்.

பேனர் கட்டிய பிள்ளைகளுக்கு போன் செய்தேன். “பாசமாத்தான் ஆயா போட்டோம்” என்கிறார்கள். பாசமாம்.

‘சும்மா’வை மட்டும் அழி, ‘சொல்தா’ இருக்கட்டும் என்றேன். அண்ணன் உடலை எடுப்பதற்குள் அழிக்காவிட்டால் நானே சுண்ணாம்போடு வருவேன். எனக்கு முட்டிவலி, ஆனாலும் வருவேன்.

சுந்தர வரதர் சன்னிதியில் அவர் பெயருக்கு ஒரு விளக்கு போட்டேன். வீட்டுக்கு வந்து அந்த நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

நாற்பத்தொன்றும் சரியாக இருக்கிறது அண்ணா. போய் வாருங்கள்.