செருப்பறையில் கிடந்த நீலச் சிலிப்பர்

ஈரக் காலுறையை ஹீட்டருக்கு மேல் காயப்போட்டால் ஒரு வாசம் எழும்பும். கம்பளியும் வியர்வையும் கலந்த, கொஞ்சம் புளித்த வாசம். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கோ இன்றைக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். லண்டன் குட்மேய்ஸில் நாங்கள் குடியிருந்த சின்ன வீட்டில், நான் ஆரம்பப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தைப்பூசத்தன்று, அம்மாவின் காலுறைகள் அப்படித்தான் காய்ந்துகொண்டிருந்தன.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பயம் என் சொந்தச் சொத்தாக இருக்கவில்லை, வீடு முழுவதற்கும் பொதுவாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு மாறி வந்து, அப்பா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை போட்டிருந்த காலம் அது. வெள்ளிக்கிழமைகளில், பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரிலிருந்த கோயிலுக்குப் போவோம். பழைய பண்டகசாலை ஒன்றைத்தான் கோயிலாக்கியிருந்தார்கள். வாசலில் ஹீட்டர் இல்லாத நீள அறை, அதற்குப் பெயர் "செருப்பறை". பூட்ஸும் சப்பாத்தும் குவிந்து கிடக்கும் அந்தத் தட்டுகளில் மார்கழிக் குளிரிலும் ஒரு சோடி நீலச் சிலிப்பர் கிடக்கும், குளியலறைக்குப் போடுகிற ரப்பர் சிலிப்பர். அது லெச்சுமி அக்காவுடையது.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வசதியான குடும்பம் அவரை வேலைக்குக் கூட்டிவந்திருந்தது. அந்த வீட்டு அன்ரி கோயிலில் எல்லோரிடமும், "மகள் மாதிரி வைச்சிருக்கிறம்" என்று சொல்லுவார். மகள் குசினியில், அடுப்படித் தரையில் படுத்தார். மகளின் பாஸ்போர்ட் அன்ரியின் அலுமாரிக்குள் பூட்டியிருந்தது, சம்பளம் என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது. வாசலைத் தாண்டினால் பொலிஸ் பிடித்துச் சிறையில் போடும் என்று சொல்லிச் சொல்லியே வைத்திருந்தார்கள். இதெல்லாம் அன்னதானம் முடிந்து கைகழுவும் குழாயடியில் கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவின் காதுக்கு வந்தவை. அம்மா திருப்பிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எங்கடை கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலை."

ஒரு காலையில், குப்பை வாளியைத் தெருவில் வைக்கச் சொல்லி அனுப்பியபோது லெச்சுமி அக்கா வாளியை வைத்தார், திரும்பி உள்ளே போகவில்லை. அந்த நீலச் சிலிப்பரோடேயே உறைபனியில் நடந்து, கால்விரல்கள் சிவந்து வீங்க, எங்கள் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அவரை வீட்டில் ஒளித்துவைத்தோம், அதன் பிறகு எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் பகலிலும் திறக்கவில்லை. பெல் அடித்தால் நாங்கள் எல்லோரும் சிலையாகிவிடுவோம். "வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேட்டால் அம்மா, அப்பா, நான் எண்டு மட்டும் சொல்லு" என்று அம்மா என்னைப் பழக்கியிருந்தார். வாய் தவறிவிடுமோ என்ற பயத்தில் பள்ளிக்கூடத்தில் நான் அநேகமாக வாயே திறக்கவில்லை, ரீச்சர் என்னைச் சாதுவான பிள்ளை என்று பாராட்டினார்.

அந்த வீட்டு ஐயா, அன்ரியின் கணவர், கடைக்கு வந்த நாளில் நானும் அங்கேதான் இருந்தேன். கோயில் திருவிழாக்களுக்கெல்லாம் முன்னுக்கு நிற்கிற பெரிய மனிதர். மிக அன்பாகத்தான் கேட்டார்: "தம்பி, எங்கடை பிள்ளை ஒண்டு வழி தவறிப் போட்டுது. கண்டால் சொல்லுவீர்தானே?" அப்பா, "ஓம் அண்ணை, கட்டாயம்" என்றார். அவர் கையிலிருந்த வெங்காயம் தராசில் விழாமல் தரையில் உருண்டோடியது. நான் அதைப் பொறுக்குகிற சாட்டில் மேசைக்கடியில் போய் இருந்துகொண்டேன்.

மெல்ல மெல்ல ஒரு சட்டத்தரணி கிடைத்தார், லெச்சுமி அக்காவை யாரும் திருப்பி அனுப்ப ஏலாது என்ற நம்பிக்கையும் வந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்ட நேரத்தில், கோயிலால் வந்த அம்மா கோட்டைக் கழற்றாமலே சொன்னார், அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை வந்து நிற்கிறது, புஷ்பா என்று பெயர், தோட்டத்துப் பிள்ளைதான்.

"அவ காலுல என்னக்கா போட்டிருக்கா?" என்று கேட்டார் லெச்சுமி அக்கா.

"உன்ரை மாதிரித்தான். நீலச் சிலிப்பர்."

அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள், தானே கோயிலுக்குப் போய் அவளைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னார். அப்பா பதறிப்போனார். "தப்பினது தம்பிரான் புண்ணியம் எண்டு இருக்காமல் திரும்பியும் புலிக் குகைக்கை தலையை விடப்போறியே பிள்ளை?"

"எனக்கும் பயந்தாங்கய்யா. ஆனா என் எடத்துலதானே அவ நிக்கிறா."

வழியையும் அவரே சொன்னார். கோயிலில் தான் கண்ணில் படாவிட்டால் அன்ரி முதலில் போய்ப் பார்ப்பது செருப்புத் தட்டைத்தான். சிலிப்பர் கிடந்தால் ஆள் உள்ளேதான் என்று நிம்மதியாகத் திரும்பிவிடுவார். அதனால் சிலிப்பர் கிடக்கவேண்டும், ஆள் மட்டும் போகவேண்டும். அப்டன் பார்க் கடைத்தெருவில் ஒரு சோடி மண்ணிறச் சப்பாத்து வாங்கினோம். குழாயடியில் அம்மா புஷ்பாவிடம் விஷயத்தைச் சொல்ல, அந்தப் பிள்ளை கையைக் கழுவியபடியே, "வாறேங்க" என்றாளாம்.

தைப்பூசத்தன்று மத்தியானப் பூசைக்குக் கோயிலில் கால்வைக்க இடமில்லை. புதுச் சப்பாத்தைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனோம். அப்பா பின் தெருவில், கடைச் சாமான் ஏற்றும் வானோடு நின்றார். திரை விலகி மணியெல்லாம் ஒன்றாக முழங்க, எல்லாக் கைகளும் தலைக்கு மேல் ஏறின. அன்ரி கண்மூடி நின்றார். புஷ்பா மெல்லப் பின்வாங்கினாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செருப்பறைக்கு வந்தபோது, அந்தப் பிள்ளை வெறுங்காலோடு நின்று விம்மிக்கொண்டிருந்தாள்.

மண்ணிறச் சப்பாத்தைக் காணவில்லை. எங்கள் கோயில்களில் நடக்காத புதினமா, யாரோ ஒரு பக்தை மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்! புஷ்பா பயத்தில் சிலிப்பரை எடுக்கக் குனிந்தாள்.

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு லெச்சுமி அக்கா உள்ளே வந்தார். அவர் தெருவிலேயே நிற்பதாகத்தான் ஏற்பாடு. இடையில் ஒரே ஒரு சுவர், அதற்கு அந்தப் பக்கம் அன்ரி.  லெச்சுமி அக்காவின் குரல் நடுங்கவில்லை. "அழுவாத. அத அங்கேயே போடு." பிறகு தட்டிலிருந்து அம்மாவின் பூட்ஸை எடுத்து, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கொண்டு போ" என்றார் அம்மா.

ஈர நிலத்தில் முழங்காலிட்டு அந்தப் பிள்ளையின் கால்களில் பூட்ஸை மாட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு லெச்சுமி அக்கா வெளியே போனார். கதவு மூடியது.

நாங்கள் திரும்பி உள்ளே போய்விட்டு வெளிக்கிட வந்தபோது அன்ரி செருப்பறையில் நின்றார். "என்ரை பிள்ளையைக் கண்டனியளோ?" என்று கேட்டவர், கீழே பார்த்துத் தானே ஆறுதலடைந்தார். "சிலிப்பர் கிடக்கு. உள்ளுக்கைதான் எங்கேயோ நிக்கிறாள்." பிறகு அம்மாவின் கால்களைக் கண்டார்.

"என்ரை பூட்ஸை ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போட்டினம்" என்றார் அம்மா.

"இந்தக் கோயிலிலை இதே வேலைதான்!" அன்ரி உண்மையாகவே இரங்கினார். குனிந்து அந்த நீலச் சிலிப்பரை எடுத்து நீட்டினார். "இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. அவள் வெறுங்காலோடை வருவாள், அவளுக்குப் பழக்கம்."

அம்மாவின் முகம் அப்படி மாறியதை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. "வேண்டாம்" என்றார். "அந்தப் பிள்ளைக்குக் குளிருமெல்லே." வான் எப்போதோ போயிருந்தது, பஸ் தரிப்பிடம்வரை அழுக்குப் பனியில் காலுறையோடு நடந்தார். நான் ஒவ்வொரு அடிக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் புஷ்பா அம்மாவின் பூட்ஸைக் கழற்றாமலே, கதவுக்கு எதிரே இருந்தாள்.

அவளுக்குப் பிறகும் பலர் வந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் லெச்சுமி அக்கா சிரிப்பாரே தவிரச் சொல்லமாட்டார். பார்க்கிங்கில் இப்போது தப்பி வந்தவர்களுக்காக அவர் நடத்தும் வீட்டில் நமக்குப் பெயர் தெரியாத நாட்டுப் பெண்களெல்லாம் இருக்கிறார்கள். "மொகத்தப் பாக்காதீங்க, காலப் பாருங்க" என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் பாடம்.

அந்தப் பண்டகசாலையை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். புதுக் கோயிலில் நிலத்துக்கடியில் சூடு போகிறது, சப்பாத்துக்கு டோக்கன் தருகிறார்கள், யாரும் மாறிப் போட்டுக்கொண்டு போவதில்லை. கால் வீங்குவதால் அம்மா இப்போது பூட்ஸே போடுவதில்லை. அந்தப் பயமும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்தத் தைப்பூசத்துக்கு வெளியே ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. டோக்கனை வாங்கித் திரும்பியவள், கீழ்த் தட்டைக் கண்டு அப்படியே நின்றேன். நனைந்த பூட்ஸ்களுக்கு நடுவே ஒரு சோடி ரப்பர் சிலிப்பர், இளஞ்சிவப்பு. மூக்குக்குள் ஈரக் காலுறை வாசம் ஏறியது. வாசலோரம் ஒதுங்கி லெச்சுமி அக்காவுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

 அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"ஒங்க காலு என்ன சைஸ், பாப்பா?"