வெளிச்சம் பார்க்க அம்மா

தங்கையின் கல்யாணம் அறுபதுகளின் கடைசியில், ஓர் ஆவணி ஞாயிறு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று என் டைரியில் இருக்கிறது. பொன்னேரிக்குக் கிழக்கே, எங்கள் வீட்டு வாசலில்தான் பந்தல். அப்பா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதனால் தாலி கட்டும்போது அம்மா பந்தலுக்கு வரக் கூடாது என்றார் பெரியப்பா. பெற்றவளை அடுப்பங்கரைக் கதவருகே நிறுத்திவிட்டு, அவரும் பெரியம்மாவும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். எனக்கு ஆத்திரம்தான். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக நண்பரிடம் ஒரு சினிமா கேமராவை இரவல் வாங்கியிருந்தேன். ஒரு சுருள் நான்கு நிமிடம் ஓடும். தாலி கட்டுவதைப் படம் பிடித்து அம்மாவுக்குக் காட்டிவிடலாம் என்று நினைப்பு.

ஃபிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. சுவரில் வேட்டியைக் கட்டி ஓட்டினேன். வாசல் தெளிப்பதுபோல் கேமராவை இடமும் வலமும் வீசியிருந்தேன். கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை போட எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். படம் முழுக்க முதுகுகள். நடுவில் பெரியப்பாவின் பட்டுத் துண்டு.

"வுடுடா," என்றாள் அம்மா. "கதவாண்ட நின்னுகினு எட்டி எட்டிப் பாத்தேன். எனுக்கும் இந்த முதுவுங்கதான் தெரிஞ்சுது."

அவள் சலித்துக்கொள்ளாததுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது.

கிடைத்த கைப்புத்தகங்களையெல்லாம் படித்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும். கேமராவை அலைக்கக் கூடாது. ஒன்றையே பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். கிட்டே போக வேண்டும். நல்ல யோசனைகள்தான். அம்மாவை எங்கே நிறுத்துவது என்று மட்டும் எதிலும் இல்லை.

நான்காண்டு கழித்துத் தையில் சின்னத் தங்கைக்குக் கல்யாணம். இம்முறை வெளிச்சமானி ஒன்றும் வாங்கியிருந்தேன். உள்ளங்கை அளவு பெட்டி. வெளிச்சத்துக்கு ஏற்ப முள் நகரும். அது காட்டும் எண்ணைக் கேமராவில் வைக்க வேண்டும். மார்கழி முழுக்க அம்மா அதைப் படித்துப் பழகினாள். முகூர்த்தத்தன்று மணவறைக்கு நாலு முழம் தள்ளி, அவளை என் பக்கத்தில் நிறுத்தினேன்.

பெரியப்பா மணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "இன்னாடா இது, தாலி கட்ற நேரத்துல உங்கம்மாவுக்கு இங்க இன்னா வேலை?"

"வெளிச்சம் பாக்கறாங்க பெரிப்பா. அவங்க இல்லன்னா படம் கருத்துப் பூடும். உங்க மூஞ்சியும் சேத்துத்தான்."

"வேற ஆளே கெடைக்கலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, தலையை நிமிர்த்தாமல், "சித்த தள்ளி நில்லுங்க மாமா. முள்ளு மேல நெழலு வுழுது," என்றாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தள்ளி நின்றார்.

கெட்டிமேளம் கொட்டியது. எண்ணைக் கேட்டேன். அம்மா பெட்டியைப் பார்க்கவே இல்லை, மகளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு அவள் சொன்ன எண்ணிலேயே வைத்து, பத்து எண்ணினேன். அந்தப் பத்து நொடியும் வெளுத்துப்போய்த்தான் வந்தது. முகங்கள் தெரிகின்றன, அதுவே போதும். ஆனால் பெற்ற மகளின் கல்யாணத்தில் நிற்க அவளுக்கு நான் ஓர் உத்தியோகம் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.