உடையவேண்டிய போல்ட்

எங்கள் வீட்டில் பிரெஞ்சு கதைக்கும் பொறுப்பு என்னுடையது. அப்பாவுக்கு வேலைத்தலத்துப் பிரெஞ்சு மட்டும் தெரியும். அம்மாவுக்கு போன்ஜூரும் மெர்சியும் போதும். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அந்த இரண்டும்கூட நேரத்துக்கு வாயில் வராது. ஆகவே வைத்தியரிடம் போனாலும் வீட்டுச் சொந்தக்காரரிடம் போனாலும் பத்து வயதான என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். நான் கெட்டிக்காரி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். உண்மையில் நான் பொறுமையில்லாத மொழிபெயர்ப்பாளர். ஐந்து நிமிடம் சொன்னதை ஐந்து சொல்லில் முடித்துவிடுவேன். யாரும் சரிபார்க்க முடியாத தொழில் என்பதால் என் புகழுக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்த வருடம் மாமா பாண் சுடும் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஆற்றுக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கத்தரி, பச்சைமிளகாய், வெண்டி பயிரிட்டு பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பது திட்டம். கனடாவில் பனி போகும்வரை நாற்றை வெளியே வைக்க முடியாது என்பதால், மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீடு முழுவதும் தயிர்க் கோப்பைகளில் நாற்றுகள். யன்னல்களில், சோபாவில், குளிக்கும் தொட்டியில்கூட. குளிக்கவேண்டுமென்றால் முதலில் அறுபது கத்தரிக் கன்றுகளைத் தூக்கி வெளியே வைக்கவேண்டும். மே மாதம் வந்ததும் அம்மாவின் பொறுமை போய்விட்டது.

"தம்பி, இந்த மாதம் முடிய முன்னம் இந்தக் கண்டெல்லாம் வீட்டை விட்டு வெளிக்கிட வேணும். இல்லாட்டி நீ வெளிக்கிடு."

மாமா அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருந்து சாப்பிட்டதை நான் காணவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். தொலைபேசியில் மழை எப்போது என்று பார்ப்பார். மறுபடியும் நடப்பார். கன்றுகள் உயர்ந்து ஒன்றன்மேல் ஒன்று சாயத் தொடங்கியிருந்தன. அவரிடம் ஒரு சின்ன உழவு இயந்திரம் இருந்தது. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேற்றர்தான் இல்லை.

அதை விற்க ஒரு கியூபெக் கிழவர் அகப்பட்டார். ஒரு சனிக்கிழமை காலை உழவு இயந்திரத்தை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவருடைய தோட்டத்துக்குப் போனோம். அதே நாள் மூன்று மணிக்கு கர்க்லாண்டில் என் சிநேகிதியின் பிறந்தநாள். காற்றடைத்த கோட்டை ஒன்று வரப்போவதாக அவள் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

கிழவரோ நிதானத்தின் மறு அவதாரம். மாமாவின் கண் போனது ஆறடி அகல ரொட்டவேற்றர்மேல். அகலமானதென்றால் இரண்டு நாளில் வேலை முடியும் என்பது அவர் கணக்கு. கிழவர் உழவு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குதிரைவலு எத்தனை என்று கேட்டார். பின்சக்கரங்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு நாடா பிடித்து அளந்தார். இந்த இயந்திரத்துக்கு ஆறடியை இழுக்க மூச்சுக் காணாது, நாலரை அடி போதும், அது சக்கரத் தடத்தையும் மூடிவிடும் என்றார். இதை நான் ஒழுங்காகவே சொன்னேன். மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சம்மதித்தார்.

பிறகு இயந்திரத்தின் சுழற்சியை ரொட்டவேற்றருக்குக் கொண்டுபோகும் இணைப்புத் தண்டை மாட்டினார். அது நீளம் கூடிப்போயிற்று. ரொட்டவேற்றரை உயர்த்தும்போது தண்டு நெருங்கி முட்டினால் இரண்டு பக்கமும் சேதம் என்று சொல்லி, அடையாளம் போட்டு, இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தார். நல்ல சாமானை வெட்டுகிறாரே என்று மாமா துடித்தார். நேரம் ஒன்றரை. நானும் துடித்தேன்.

கடைசியாகக் கிழவர் தண்டின் முனையில் இருந்த ஒரு சின்னப் போல்ட்டைத் தொட்டுக்காட்டிப் பேசத் தொடங்கினார். இது வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்தது. கல்லில் கத்தி சிக்கினால் இது முதலில் உடையும். இது உடைவதால்தான் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் தப்பும். உடைந்தால் இதே மாதிரியான ஒன்றைத்தான் போடவேண்டும், கடினமான போல்ட்டை ஒருபோதும் போடக்கூடாது. இதை மூன்று தரம், மூன்று விதமாகச் சொன்னார். ஆறு போல்ட்டுகள் இருந்த ஒரு பையையும் மாமாவின் கையில் வைத்தார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"கவனமாப் பாவிக்கட்டாம். உடைஞ்சா மாத்த இதுகளாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சது இவ்வளவுதானோ?"

"ஓம் மாமா."

கோட்டையில் காற்று இறங்குவதற்குள் நான் கர்க்லாண்ட் போய்ச் சேர்ந்தேன். தொண்டை வறளத் துள்ளினேன். போல்ட்டை மறந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அம்மாவுக்கு நாற்றுகளிடமிருந்தும் என்னிடமிருந்தும் கொஞ்சம் விடுதலை கிடைக்கட்டும் என்று மாமா என்னையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நிலத்தில் மண்ணைவிடக் கல் அதிகம் போலிருந்தது. நாலு வரிசை போவதற்குள் போல்ட் உடைந்தது. மாமா இறங்கி மாற்றினார். இன்னும் இரண்டு வரிசை, மறுபடியும் உடைந்தது. மத்தியானத்துக்குள் பையில் இருந்த ஆறும் முடிந்தன. மேற்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. மழை பெய்தால் அந்தக் களிமண்ணில் ஒரு கிழமைக்கு இறங்க முடியாது. வீட்டுக் கன்றுகளுக்கோ ஒரு கிழமை தாங்காது.

மாமா காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் இரும்புக்கடைக்குப் போனார். நானும் போனேன். கடைக்காரரிடம் உடைந்த போல்ட்டைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ளதுக்குள்ள திறமான உருக்குப் போல்ட் வேணுமெண்டு சொல்லு. உடையவே கூடாது."

கிழவர் சொன்னது முழுவதும், மூன்று விதத்திலும், அப்படியே ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். ஆனால் அதைச் சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். என் கெட்டிக்காரப் பட்டம் அந்த இரும்புக்கடையிலேயே கழன்று விழுந்துவிடும். கடைக்காரரிடம் திறமான போல்ட் கேட்டேன். இந்த ஒரு தடவை மட்டும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

அந்தப் போல்ட் உடையவில்லை. அதைப் போட்ட பிறகு ஐந்தாவது வரிசையில் ஒரு பெரிய கல்லில் கத்தி சிக்கியது. இயந்திரம் ஒரு குலுக்குக் குலுக்கியது. டம் என்று ஒரு சத்தம். ரொட்டவேற்றரின் கியர்ப்பெட்டி வெடித்து, கறுப்பு எண்ணெய் புதுமண்ணில் வழிந்தது. மாமா இறங்கி அதன் பக்கத்தில் குந்தினார். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மழையும் வந்தது.

உருக்குப் போல்ட் போட்டதால் வந்த வினை என்று கேட்டதும், வீட்டில் அம்மா நேரே என்னிடம் வந்தார்.

"அதைப் போடக்கூடாதெண்டு அந்த மனுசன் முதல்லயே சொன்னவரோ, இல்லையோ?"

"இல்லை" என்றேன். மாமா குனிந்து ஒரு மிளகாய்க் கன்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மாவின் நெருக்குதலில் நியாயம் கேட்கப் போனோம். நியாயம் கேட்கவும் நான்தான் வாய். மாமா, "ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை எண்டு கேள்" என்றார். நான் கிழவரிடம், இயந்திரம் உடைந்துவிட்டது, மாமா மன்னிப்புக் கேட்கிறார், ஏதாவது உதவ முடியுமா என்று கேட்டேன். கிழவர், நான் மூன்று தரம் சொன்னேனே என்றார். நான் மாமாவிடம், அவருக்குச் சொல்ல மறந்துபோச்சாம் என்றேன். கிழவர் நாங்கள் கொண்டுபோன அந்த உருக்குப் போல்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னை நெடுநேரம் பார்த்தார். நான் திருதிரு என்று முழித்தேன். வியாழக்கிழமை தன் பெரிய இயந்திரத்தோடு வந்து உழுது தருவதாகவும், பழைய ரொட்டவேற்றர் ஒன்றிலிருந்து கியர்ப்பெட்டி கழற்றித் தருவதாகவும் சொன்னார். நான் அதை மட்டும் குறையாமல் சொன்னேன். மாமா நிலத்தைப் பார்த்தபடி மெர்சி, மெர்சி என்றார். கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

கன்றுகள் பிழைத்தன. கிழவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தமும் வந்தார். எங்கள் வீட்டில் மட்டும் அவருக்கு மறதிக் கிழவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. போன வருடம் அவர் இறந்தபோதும் அம்மா அந்தப் பெயரைச் சொல்லித்தான் கவலைப்பட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் கையில் இருந்த நாற்றுத் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அத்தனை போல்ட் உடைஞ்சும் மிஷினுக்கு ஒண்டும் ஆகேல்லை எண்டா, அது ஏன் உடையுது எண்டு விசரனுக்கும் விளங்கும் பிள்ளை. மழைக்கு முன்னம் முடிச்சிடலாம் எண்டுதான் போட்டனான். கொக்காவுக்குச் சொல்லப் பயம். நீ இல்லை எண்டு சொன்னாய். நான் அதைப் பிடிச்சுக்கொண்டன்."

கொக்கா என்றால் உன் அக்கா; கொம்மா என்று சொல்லவேண்டிய என் அம்மாவைத்தான் அப்படிச் சொன்னார். பதற்றத்தில் யாரோடு பேசுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

கிழவரிடம் நியாயம் கேட்டுவிட்டுத் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா வழியில் காரை நிறுத்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். கடையிலேயே பெரியது, மூன்று உருண்டை. அம்மாவிடம் சொன்னதை மாற்றவேண்டாம், சரியோ என்றும் கேட்டார். தன்னைக் கெடுத்தவளுக்கே இப்படி வாங்கித் தருகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. குளிருதோ பிள்ளை என்று கேட்டு யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அது எனக்குத் தந்த லஞ்சம் என்று பத்து வயதில் எப்படித் தெரியும்? அழுதுகொண்டே முழுவதையும் தின்றேன்.