பதினாலும் வென்ற அணி

குகதாசன் சுவிஸில் பதினைந்து வருடம் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதித்துவிட்டு லண்டன் வால்தம்ஸ்டோவுக்குக் குடிவந்தவர். கூடைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டுந்தான். ஆனாலும் மகள் மிதுஷா படித்த கல்லூரியில், பெண்கள் அணிக்கு ஆட்டங்கள் ஒழுங்குசெய்ய ஆள் கேட்டபோது அவர்தான் கையை உயர்த்தினார். மற்றப் பெற்றோர் எல்லாருக்கும் அந்த நேரம் பார்த்துப் போனில் வேலை இருந்தது.

கல்லூரிகளுக்கான கோடைக்காலப் போட்டியில் எட்டு அணிகளுக்கே இடம். விண்ணப்பிப்பது முப்பத்தொரு அணிகள். அதுவரை யாருடன் மோதுவது என்பதை அந்தந்தக் கல்லூரியே பேசி வைத்துக்கொள்ளலாம். அந்த ஆட்டங்களைப் பார்த்துத் தேர்வுக்குழு எட்டு அணிகளை எடுக்கும். நிறைய வென்றால் இடம் நிச்சயம் என்று குகதாசன் கணக்குப் போட்டார். அதற்குத் தோற்கக்கூடியவர்களாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

பிடித்தார். ஓர் அணியில் ஐந்தே பேர் வந்தார்கள், அதில் ஒருத்திக்குக் கையில் கட்டு. இன்னோர் அணி முந்தின மாதம்வரை பட்மின்டன் ஆடியது. பதினாலு ஆட்டம், பதினாலும் வெற்றி. முடிவு வருமுன்பே குகதாசன் கேக் வாங்கிவிட்டார்.

பட்டியலில் அவர்கள் இல்லை. எட்டு வென்று ஆறு தோற்ற கிங்ஸ்பரிப் பக்கத்து அணி ஒன்று இருந்தது. தேர்வுக்குழுவில் சயந்தினி என்று ஒரு கணித ஆசிரியை இருப்பதை விசாரித்தறிந்து போன் எடுத்தார்.

“பிள்ளை, பதினாலுக்குப் பதினாலு. இதுக்கு மேல என்ன செய்ய ஏலும்?”

“அண்ணை, நீங்கள் ஆரை வெண்டனீங்கள்?”

“மனிசரைத்தான்.”

“அந்தப் பதினாலு ரீமும் சேர்ந்து வருசம் முழுக்க வெண்டது ஒன்பது மட்ச். முப்பத்தொரு ரீமுக்க ஆகச் சுகமான மட்சுகள் உங்கடதான். கிங்ஸ்பரிப் பிள்ளையள் தோத்தது முழுக்கப் பெரிய ரீமுகளிட்ட.”

“அப்ப தோக்கிறதுக்கும் மாக்ஸ் குடுக்கிறியளோ?”

“ஆரிட்டத் தோக்கிறியள் எண்டதைப் பொறுத்து.”

கேக்கை வீட்டில் நான்கு நாள் தின்றார்கள். மிதுஷா ஒரு துண்டுகூடத் தொடவில்லை. பிறகு, “கையில கட்டுப் போட்ட பிள்ளையோட விளையாடி வெண்டம். இட் வாஸ் எம்பாரசிங், அப்பா,” என்றாள். கூடைப்பந்து தெரியாத குகதாசனுக்கும் அது உறைத்தது.

அடுத்த வருடம் பெரிய அணிகளையே கேட்டார். ஒருவரும் சம்மதிக்கவில்லை. இவர்களை வென்றால் அவர்களுடைய மதிப்பல்லவா இறங்கும்! கடைசியில் ஒரு பெரிய கல்லூரியின் குளியலறையில் டைல்ஸ் உதிர்ந்து கிடப்பதைக் கண்டார். இரண்டு ஞாயிறு முழங்காலில் நின்று சும்மா பதித்துக் கொடுத்தார். ஓர் ஆட்டம் கிடைத்தது. அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் சொல்லி மற்றவர்களும் இறங்கி வந்தார்கள்.

முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. அணியில் இருந்த ஓவியாவின் தாய் குமுதினி அவரை வாகனத் தரிப்பிடத்தில் மறித்தார்.

“போன வருசம் சிரிச்சுக்கொண்டு வந்ததுகள். இப்ப ஐஸ் பையோட வருதுகள். உங்களுக்கு விசரோ, அண்ணை?”

“இருக்கலாம்,” என்றார் குகதாசன். ஆனால் பட்டியலை மாற்றவில்லை.

ஆறாவது ஆட்டத்தை ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். கடைசியில் ஆறு வெற்றி, எட்டுத் தோல்வி. பட்டியலில் எட்டாவதாக அவர்களின் பெயர்!

போட்டியில் முதல் ஆட்டமே முதலிடத்து அணியோடு. நடுவர் தங்கள் பக்கம் கொடுத்த தீர்ப்பையே எதிர்த்து குகதாசன் எழுந்து கத்த, குமுதினி சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். இரண்டே புள்ளியில் தோற்றார்கள்.

மிதுஷா வியர்வையோடு ஓடிவந்தாள்.

“அப்பா, கடைசியில அவை எங்களுக்குப் பயந்தவை. பாத்தனீங்களோ?”

கடைசி இரண்டு நிமிடமும் குகதாசன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“ஓம், பாத்தனான்,” என்றார்.