தொட்டி மூடிமேல் வைத்த கல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கண்ணில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. அது நடந்த மறுநாளே என் கண்ணையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஒரு பழுதும் இல்லை.

முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன விமானப் பயிற்சி மைதானம். அங்கே பைலட்டாக இருந்தான். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது பரம சாது. தனியாகக் கிளம்பினால் தலைகால் புரியாது. எங்கள் மொட்டை மாடிக்கு மேல் தாழப் பறந்து போவான். மாடியில் நிற்கும் என் மகள் கையில் பிஸ்கட் இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று சரியாகச் சொல்வான். அவ்வளவு தாழ.

அதில் ஒரு பந்தயம் வேறு. அவன் கிளப்பும் காற்றில் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் மூடி பறந்து விழவேண்டும். தரையிறங்கியதும் போன் வரும்.

“மூடி இருக்கா, போச்சா அக்கா?”

“போச்சுடா. உன் புத்தியும் அதோட சேந்து போச்சு.”

விழுந்து விழுந்து சிரிப்பான். மகளும் கூடச் சிரிப்பாள். அவள் மாமா செல்லம். நான் திட்டாத நாளில்லை. காதில் வாங்கினால்தானே?

மூன்றாவது மூடியும் உடைந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது மூடிமேல் வைத்தேன். தட்டையான கல். மகள் சின்ன வயதில் அதில் மஞ்சள் பெயின்டால் ஒரு மீன் வரைந்திருந்தாள்.

அன்று மாலையே அவன் வந்தான். நான் கடையில் இருந்தேன். ஒரு தடவை வீட்டைக் கடந்து போனானாம். திரும்பி இன்னொரு தடவை வந்தானாம்... முன்னைவிடத் தாழ. மூன்று தெரு தள்ளி ஒரு செல்போன் டவர். அதைத் தரையோடு இழுத்துக் கட்டியிருந்த கம்பியில் இறக்கை சிக்கியது. காலி மனையில் விழுந்தான். முப்பத்தொரு வயசு.

துணிச்சல்காரன் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணிச்சலாம்!

எதற்காக இரண்டாவது தடவை வந்தான் என்று விசாரணைக்கு வந்தவர்களுக்கும் புரியவில்லை. மாடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் என் மகள்தான். அவள் வாயே திறக்கவில்லை.

ஒரு வருடம் போனது. தம்பியின் நண்பன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். அவனும் பைலட். ஆள் உயரம் என்பதால் எல்லாருக்கும் அவன் நெட்டை. நினைவு நாளன்று எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு தடவை பறக்கப் போகிறானாம். மகளையும் கூட்டிப்போகிறானாம்.

“தாழப் பறந்து செத்தவனுக்குத் தாழப் பறந்து மரியாதையா?”

“ஆயிரம் அடிக்குக் கீழ வரமாட்டேன்க்கா. சத்தியமா.”

மகள் என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஒரு வருடமாகச் சிரிப்பை மறந்த பெண். எனக்கு மனசு கேட்கவில்லை. சரி என்றேன்.

நினைவு நாள் வந்தது. மகள் மூன்று மணிக்கே மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள். தோளில் பை. ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து போனாள். ஐந்து மணிக்கு வீட்டுக்கு மேல் வருவதாக ஏற்பாடு.

நாலரை மணி இருக்கும். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன்.

மூடிமேல் கல் இல்லை.

ஒரு வருடமாக யாரும் தொடாத கல். அது இருந்த இடத்தில் தூசி படியாத தடம் மட்டும் இருந்தது. பூனை கீனை தள்ளிவிட்டதோ என்று கீழே எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

காற்றே இல்லாத மாலை. கொடியில் ஒரு துணியும் அசையவில்லை.

அப்போது... தரையில் ஒரு நிழல் ஓடியது.

இறக்கை. உடல். வால். கைப்பிடிச் சுவர் ஏறி, தொட்டி ஏறி, என் மேலும் ஏறிக் கடந்து போனது.

நிமிர்ந்து பார்த்தேன். வெறும் வானம்.

அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. ட்ர்ர்ர்ர்ர்... அந்த எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

துணியெல்லாம் ஒரே பக்கமாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது.

மூடி மட்டும் அசையவில்லை.

சத்தம் தூரப் போனது... வளைந்தது... திரும்பியது...

“வேணாம்டா!” என்று கத்தினேன். “போதும்டா தம்பி... திரும்பி வராதடா...”

நிழல் மறுபடி வந்தது.

மெதுவாக.

தொட்டியின் மேல் வந்து... நின்றது.

பறக்கிற விமானத்தின் நிழல் நிற்குமா? நின்றது.

டொக்.

அவ்வளவுதான்.

நிழல் இல்லை. சத்தம் இல்லை.

மூடிமேல்... கல் இருந்தது. மஞ்சள் மீன்.

தொட்டேன். இவ்வளவு நேரம் யாரோ கையில் வைத்திருந்த மாதிரி இளஞ்சூடு.

மகளுக்குப் போன் போட்டேன். மணி நாலு நாற்பது.

“எங்கடி இருக்கே?”

“பிளேன்ல ஏறி உக்காந்தாச்சும்மா. இதோ கெளம்பப் போறோம்.”

“உங்க மாமா வந்தான்டி...” என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. “மூடிமேல கல்லை வெச்சுட்டுப் போறான்...”

“எந்தக் கல்லும்மா?”

“மீன் போட்ட கல்லு.”

சர்ரென்று ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு அவள் அலறினாள்.

அன்று அவர்கள் பறக்கவில்லை. ஆறு மணிக்கு நெட்டை அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டான். இறங்கியதும் என் மடியில் விழுந்தாள்.

“அன்னிக்கு மொதல் தடவ மாமா வந்தப்ப மூடி விழலம்மா. நான்தான் மேல பாத்து, விழல விழலன்னு கைய ஆட்டினேன். மாமா பாத்துட்டாரு. எறக்கைய ஆட்டிட்டு... திரும்பினாரு...”

பதினேழு வயதில் பார்த்ததை ஒரு வருடமாக ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாள். என் குழந்தை. நானும் கவனிக்காமல் விட்டிருக்கிறேனே என்று நெஞ்சு வெடித்தது.

“உன் மேல தப்பில்லடி. கல்லு மேலயும் தப்பில்ல. பறந்தவன் அவன்.”

தப்பு செத்தவன் மேல்தான் என்று வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நானும் அழுதேன்.

நெட்டை தலை குனிந்து நின்றான்.

“ஆயிரம் அடின்னு சொன்னது பொய்க்கா. மாமாவுக்காக ஒரே ஒரு தடவ மூடிய விழ வைக்கலாம்னு இவதான் கேட்டா. நானும் சரின்னுட்டேன்.”

ஓர் அறை விட்டேன். வாங்கிக்கொண்டான்.

கல்லைக் காலையிலேயே மகள்தான் எடுத்திருக்கிறாள். வீட்டில் எங்கே ஒளித்தாலும் நான் தேடித் திரும்ப வைத்துவிடுவேன் என்று பையில் போட்டுக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியில் எறிந்துவிட நினைத்தாளாம். எறிய மனசு வரவில்லையாம்.

இருவரையும் மாடிக்குக் கூட்டிப் போனேன். கல்லைப் பார்த்ததும் மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெட்டைக்கு முகம் வெளுத்துப்போனது.

“அக்கா... ஏறுறதுக்கு முன்னாடி பையெல்லாம் எடை போடணும். இவ பைய நான்தான் தூக்கித் தராசுல வெச்சேன். நாலரைக் கிலோ. உள்ள என்ன, கல்லா வெச்சிருக்கேன்னு கிண்டல்கூடப் பண்ணேன். அப்போ மணி நாலே கால். அதுக்கப்புறம் பை அவ மடிய விட்டு எறங்கவே இல்லக்கா.”

எங்கள் வீடு அங்கிருந்து அரை மணி நேரத் தூரம்.

நெட்டை இப்போது யார் கெஞ்சினாலும் தாழப் பறப்பதில்லை. மகள் எப்போதாவது சிரிக்கிறாள். தொட்டி கழுவ ஆள் வந்தால்கூடக் கல்லைத் தொட விடமாட்டேன். நானே எடுத்து நானே வைப்பேன்.

வாழ்நாளெல்லாம் அந்த மூடியைத் தள்ளிவிடத்தான் வந்தான். செத்த பிறகு வந்து அதன்மேல் கல்லை வைத்துவிட்டுப் போனான். அந்தப் புத்தி உயிரோடு இருக்கும்போது வந்திருக்கக்கூடாதா?

சில மாலைகளில் தொட்டி ஓரம் நின்று, அவன் போனில் எப்போதும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன்.

“மூடி இருக்குடா தம்பி... நீதான் போயிட்ட.”